கடைமடைக்காரர்கள் கப்பலில் 12 நாள்

முதல் நாள், சிங்கப்பூர்

ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடிய பிறகுதான், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடையான எங்கள் ஊரில் யாரும் வெளியூர்ப் பயணத்தைப் பற்றிப் பேசவே தொடங்குவார்கள். இந்த வருடம் சம்பா அறுப்பு கொஞ்சம் தள்ளிப்போனது. ஆனாலும் மாசி பிறந்த கையோடு நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டோம், அறுப்புக்கு முன்பே ஈரம் காயாத வயலில் உளுந்தும் தெளித்தாகிவிட்டது, இனி அது பனியிலேயே வளர்ந்துகொள்ளும், தம்பி ஒரு கண் பார்த்துக்கொள்வான். அந்த நிம்மதியில்தான் நானும் மங்கையும் திருச்சியில் விமானம் ஏறி, மகன் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, இன்று மதியம் மரினா பே கப்பல் முனையத்தில் வந்து வரிசையில் நின்றோம்.

போன வருடம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்த அன்றே மகன் சொல்லிவிட்டான். "அப்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டுக் கப்பல்ல போங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்." விசா காகிதம் முதற்கொண்டு எல்லாம் அவன்தான் செய்தான். பாதை இதுதான்: சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாகக் கிள்ளான், பினாங்கு, லங்காவி, புக்கெட், அப்புறம் வங்கக்கடலின் தெற்கு விளிம்பைக் கடந்து கொழும்பு, மாலே, கடைசியில் கொச்சி. 12 நாள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 33 வருடம் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் இருந்தவன். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஆறு பிரிகிற நீடாமங்கலம் மூணாறு தலைப்பு மதகில் பல வருடம் ஷட்டர் பக்கத்திலேயே கிடந்திருக்கிறேன். தண்ணீரைப் பார்த்தால் எத்தனை கன அடி என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

அறைக்குள் பெட்டியை வைத்ததும் அவசரகாலப் பயிற்சி என்று எல்லாரையும் கூப்பிட்டார்கள். உயிர்காப்பு அங்கியை எப்படி மாட்டுவது, எந்தத் தளத்தில் கூடுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். மங்கை ஒரு வார்த்தை விடாமல் கேட்டு, கூடும் இடத்தின் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். சாயங்காலம் கப்பல் கிளம்பியது. கிளம்பியதே தெரியவில்லை, கரைதான் நகர்கிறது என்று நினைத்தேன். இருட்டின பிறகு பால்கனியில் நின்று பார்த்தால் நங்கூரம் போட்டு நிற்கிற நூற்றுக்கணக்கான சரக்குக் கப்பல்களின் விளக்குகள், கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும். "நாகூர் கந்தூரி ராத்திரி மாதிரி இருக்குங்க" என்றாள். அதைவிடச் சரியாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் நாள், கிள்ளான் துறைமுகம்

கோலாலம்பூரைச் சுற்றிப் பார்க்கப் பாதிப் பேர் இறங்கிப் போய்விட்டார்கள். நாங்கள் இறங்கவில்லை. இன்றைக்கு நான் பார்த்ததை ஊர் சுற்றியிருந்தால் பார்த்திருக்க மாட்டேன்.

மங்கை வழக்கம்போல நாலரைக்கு எழுந்துவிட்டாள். எழுந்து படுக்கையை மடித்தாள், துண்டுகளை மடித்தாள், குளியலறைத் தரையைத் துடைத்தாள். அப்புறம் அறைக் கதவைத் திறந்து வெளியே பார்த்தாள். நீளமான நடை, கம்பளம் விரித்திருக்கிறது, இரண்டு பக்கமும் மூடின கதவுகள். வாசல் தெளிக்க வாசல் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தாள். அறையைச் சுத்தம் செய்ய வந்த ஜாவா பையன் எல்லாம் முடிந்திருப்பதைப் பார்த்து, செய்ய வேலை ஒன்றும் இல்லையே என்று கையை விரித்துச் சிரித்தான். "நாளைலேருந்து நீயே செய்ப்பா" என்று தமிழிலேயே சொன்னாள், அவனும் புரிந்தமாதிரி தலையாட்டினான்.

காலைச் சாப்பாடு முடிந்து வந்து பால்கனி நாற்காலியில் உட்கார்ந்தாள். 9 மணி இருக்கும். நான் உள்ளே படுத்துக் கண் அசந்துவிட்டேன். எழுந்து பார்க்கும்போது மணி 12. அவள் அதே நாற்காலியில் அதே இடத்தில் இருந்தாள். மடியில் இரண்டு கையையும் வைத்திருந்தாள், கையில் ஒன்றும் இல்லை. முறம் இல்லை, அரிவாள்மனை இல்லை, ஆய்கிற கீரை இல்லை, தைக்கிற துணி இல்லை, போன் கூட இல்லை. கல்யாணமாகி 35 வருடத்தில் அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. டெலிவிஷன் பார்க்கும்போது கூடப் பூண்டு உரிப்பாள். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன், கூப்பிடவில்லை. சத்தம் போடாமல் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

துறைமுகத்தில் பாரந்தூக்கிகள் பெட்டி பெட்டியாகத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தன. ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி வரை இருந்தோம்.

மூன்றாம் நாள், பினாங்கு

இன்று நிறைய எழுத வேண்டும். மங்கைக்காகவே இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தோம், அதுவும் இந்த ஒரு ஊருக்காகத்தான்.

மங்கை நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் பிறந்தவள். அவள் தாத்தா 1930-களில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்குக்கு வந்து ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதியவர். வந்தது ரஜூலா கப்பலில். நாகை, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களில் ரஜூலா என்ற பெயரைக் கேட்காத பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். 1926-ல் கட்டின கப்பல் அது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரைக்கும் ஓடியது. தொடக்கத்தில் 5,000 பேருக்கும் மேல் டெக் பயணிகளாகவே ஏற்ற அனுமதி இருந்ததாம். டெக் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. தளத்தில் சொந்தப் பாயை விரித்துக்கொண்டு மழையோ வெயிலோ அங்கேயேதான். நாகையில் கப்பல் கரை வரை வராது, ஆழம் போதாது. வெளியே நிற்கும், படகில் போய் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். "அந்த ஏணியில ஏறும்போது திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு எங்க பாட்டி சொல்லி அனுப்பினாங்களாம். இவரு திரும்பிப் பார்த்தாராம்" என்று மங்கை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

கப்பல் கட்டுகிற துறையிலிருந்து நடந்தே ஊருக்குள் போய்விடலாம். கால் மணி நேரத்தில் லிட்டில் இந்தியா. மல்லிகைப்பூ, ஊதுவத்தி, வெள்ளித் தட்டு, எதிரே மாரியம்மன் கோயில். 1833-ல் கட்டின கோயில். மங்கை இரண்டு முழம் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், சூலியா தெரு முனையில், நாகூர் தர்கா. ஆமாம், நாகூர் ஆண்டவர் பெயரில் இங்கேயும் ஒரு தர்கா, இருநூறு வருடப் பழமை. சிங்கப்பூரிலும் ஒன்று இருக்கிறது, 1828-ல் கட்டத் தொடங்கியது, மகன் முந்தாநாள் காட்டினான். நம் கரையிலிருந்து கிளம்பினவர்கள் கடலில் தங்களைக் காப்பாற்றினவரை இறங்கின ஊரிலெல்லாம் கூடவே வைத்துக்கொண்டார்கள். சூலியா என்பதே சோழக்கரைத் தமிழ் முஸ்லிம்களுக்கு இங்கே வழங்கின பெயர். தெருப்பலகையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தாத்தா வேலை பார்த்த கடை எது என்று எங்களிடம் விவரம் ஒன்றும் இல்லை. தெருப்பெயர் மட்டும் அவள் அம்மா சொன்ன ஞாபகம். அந்தத் தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தோம், திரும்பி இன்னொரு தடவை நடந்தோம். ஐந்தடி நடைபாதை, மேலே வீடு கீழே கடை, மரக்கதவுகள். ஒரு கடை வாசலில் பெரிய இரும்புத் தராசு துருப்பிடித்து நின்றது. மங்கை அதன் தட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் சீனர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என்ன ஏது என்று கேட்காமல் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

மத்தியானம் நாசி கண்டார் சாப்பிட்டோம். சோறும் குழம்பும் காவடித் தண்டில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து வந்த சாப்பாடு அது. மீன் தலைக் குழம்பு, வெண்டைக்காய், எல்லாக் குழம்பையும் ஒன்றாக ஊற்றிவிடுகிறார்கள். மங்கை முதலில் முகம் சுளித்தாள், அப்புறம் இன்னொரு கரண்டி கேட்டாள்.

சாயங்காலம் கப்பல் வடக்கே திரும்பியபோது வலப்பக்கம் தூரத்தில் நீலமாக ஒரு மலை. குனோங் ஜெராய், 1,217 மீட்டர். அதுதான் கெடா. நம் கல்வெட்டில் கடாரம். அந்த மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் இன்றும் இருக்கின்றன. கரை தெரியாமல் நாள்கணக்கில் வந்த மாலுமிகளுக்கு முதலில் கண்ணில் பட்டது இந்த மலைதான். 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் இந்தத் தண்ணீருக்குத்தான் வந்தன. அலைகடல் நடுவுள் பல கலம் செலுத்தி என்று தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறது.

எனக்கு அதைவிட மனதில் நிற்பது அதற்கு முந்தின கதை. ராஜராஜன் காலத்தில் இந்தக் கடாரத்து அரசன்தான் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியைக் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே சோழர்கள் எழுதிக் கொடுத்தார்கள், செப்பேடு இருக்கிறது. அந்த ஆனைமங்கலம் பக்கத்து வாய்க்கால்களில் நான் தூர்வாரும் வேலைக்காகக் கொளுத்தும் வெயிலில் நடந்திருக்கிறேன். அந்த வயலில் விளைந்த நெல் இந்த மலைக்காரன் கட்டின பள்ளிக்குப் போயிருக்கிறது. மலை மறைகிற வரைக்கும் தளத்தில் நின்றேன்.

நான்காம், ஐந்தாம் நாள்

லங்காவியில் காலையில் ஒரு மணி நேரம் இறங்கிவிட்டுத் திரும்பிவிட்டோம். வெயில் தாங்கவில்லை. புக்கெட்டில் கப்பல் வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் கரைக்கு அழைத்துப் போனார்கள். படகிலிருந்து திரும்பி வந்து கப்பலில் ஏறும்போது மங்கை நின்று திரும்பிப் பார்த்தாள். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "தாத்தா மாதிரி பார்த்தேன்."

புக்கெட் வந்தபோது கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கச் சொன்னார்கள். கொழும்பு போவதற்குள் இன்னும் ஒன்றரை மணி. கப்பலில் மேற்கே போனால் இப்படித் துளித்துளியாக நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. அந்த நேரத்தில் நாங்கள் தூங்கினோம்.

ஆறாம் நாள், கடல்

கரையே இல்லாத முதல் நாள். நாலு பக்கமும் வட்டமாகத் தண்ணீர். கப்பல் மணிக்கு 18 கடல்மைல், அதாவது 33 கிலோமீட்டர் போகிறது, சைக்கிளில் வேகமாகப் போகிற மாதிரிதான். ஆனால் ராத்திரி பகல் நிற்காமல் போகிறது.

காலையில் கப்பலின் குடிநீரைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது, நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிற கடல்நீரை, எஞ்சினின் வீணாகிற சூட்டை வைத்துக் காய்ச்சியும், அழுத்தி வடிகட்டியும் குடிநீர் ஆக்குகிறார்கள். ஒரு நாளைக்குச் சில நூறு டன். தண்ணீருக்கு நடுவில் இருந்துகொண்டு தண்ணீரைச் செய்து குடிக்கிறார்கள்.

அதற்கப்புறம் மேல்தளத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தேன். 33 வருடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் எது என்றால், தண்ணி கடலுக்கு வீணாப் போகுது என்பதுதான். 2018 ஆகஸ்டில் காவிரியில் இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் வந்து, கொள்ளிடம் கரையை உரசிக்கொண்டு ஓடி, முக்கொம்பில் ஒன்பது ஷட்டர் அடித்துக்கொண்டு போனதே, அந்த வாரம் முழுக்க டீக்கடையில், பஸ்ஸில், ஆபீஸில், எங்கே போனாலும் இதே பேச்சு. அதற்கு இரண்டு வருடம் முன்னால் 2016-ல் கடைமடையில் சம்பா கருகிப்போய் நின்றது. அந்த விவசாயிகளின் முகத்தைப் பார்த்தவன் நான், அதனால் அவர்கள் அப்படிச் சொல்வதில் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் இவ்வளவு வருடம் ஷட்டரைப் பிடித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கடலுக்குத் தண்ணீர் போகாத வருடங்களில் முகத்துவாரம் மணல் மூடுகிறது, உப்பு உள்ளே ஏறுகிறது. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கரித்துப்போவதை வாயில் ஊற்றிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல்தான் நம் டெல்டா. கடலும் ஆற்றிடம் தன் பங்கைக் கேட்கிறது, அதைக் கொடுக்கத்தான் வேண்டும். பணியில் இருந்தபோது இதைக் கூட்டங்களில் அழுத்திச் சொல்லாமல் விட்டேனே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ராத்திரி அறையிலிருக்கிற திரையில் கப்பல் எங்கே போகிறது என்று வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் பெரிய நிக்கோபார், இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை. இடப்பக்கம் சுமத்ரா. நடுவில் நாங்கள். மங்கை அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இங்கேருந்துதானே வந்துச்சு" என்றாள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்குப் பக்கத்தில் காலை ஆறரைக்குப் பூமி அதிர்ந்தது, ஒன்பது மணிவாக்கில் அலை நாகைக்குள் இருந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இந்திரா முனையில் கலங்கரை விளக்கம் நின்ற நிலமே நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்துபோனது. நான் அப்போது கீழ்வேளூரில் வேலையில் இருந்தேன். அன்றிலிருந்து ஒரு மாதம் நாகையில்தான். மங்கையோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் படித்த தோழி கீச்சாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளும் அவள் இரண்டு பிள்ளைகளும்.

அந்த அலை இரண்டரை மணி நேரத்தில் கடந்த கடலை இந்தக் கப்பல் இரண்டு நாள் கடக்கப்போகிறது. விளக்கை அணைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனோம். தண்ணீர் கருப்பாக, அமைதியாக இருந்தது. மங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டு தோழியின் பெயரைச் சொன்னாள், பிள்ளைகளின் பெயரைச் சொன்னாள். அப்புறம் அந்தத் தெருவில் அவளுக்குத் தெரிந்த ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

ஏழாம் நாள், கடல்

விடியற்காலையில் கப்பல் கொஞ்சம் ஆடியது. மாசி, பங்குனியில் வங்கக்கடல் சாதுவாகத்தான் இருக்கும், ஆனாலும் தெற்கேயிருந்து நீளமான அலை வந்து மெதுவாகத் தூக்கித் தூக்கி இறக்கியது. எனக்கு வயிற்றைப் புரட்டியது. மங்கை பெட்டியிலிருந்து கும்பகோணத்தில் வாங்கிச் சீல் பிரிக்காமல் கொண்டுவந்த உப்பு நார்த்தங்காய்ப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டு கொடுத்தாள். வாயில் அடக்கிக்கொண்டு படுத்தேன், பத்து மணிக்குச் சரியாகிவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிற மன்னார்குடித் தம்பி ஒருவர், நாங்கள் பேசுகிற பேச்சை வைத்தே முதல் நாளே ஊரைக் கண்டுபிடித்தவர், இதைக் கேட்டுவிட்டு, "அம்மா, எனக்கும் ஒரு துண்டு குடுங்கம்மா" என்று கை நீட்டினார். ஊரை விட்டு வந்து ஏழு மாதம் ஆகிறதாம். வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். மங்கை மீதிப் பொட்டலத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

மத்தியானம் கைவேலை வகுப்பு. மங்கையைக் கட்டாயப்படுத்தித்தான் அனுப்பினேன், மொழி தெரியாத இடத்தில் என்ன செய்வது என்று தயங்கினாள். ஒரு மணி கழித்துப் போய்ப் பார்த்தால் அவளைச் சுற்றி நாலு பேர். எல்லாரும் காகிதத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தபோது இவள் பேனாவால் புள்ளி வைத்திருக்கிறாள். ஏழு புள்ளி, இடைப்புள்ளி நாலு. பக்கத்தில் இருந்த ஆஸ்திரேலிய அம்மா, ஓய்வுபெற்ற நர்ஸ், என்ன இது என்று கேட்க, பேச்சே இல்லாமல் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள். அந்த அம்மா கோட்டைப் புள்ளியின் மேலேயே இழுத்துக்கொண்டு போனார். மங்கை அவர் விரலைப் பிடித்து, புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைத்து, கிளம்பின இடத்திலேயே கொண்டுவந்து சேர்த்தாள். கோடு சேர்ந்ததும் அந்த அம்மா கைதட்டினார். மூன்றாவது தடவை அவரே தனியாகப் போட்டார். ஒரு இடத்தில் தடுமாறி நின்று மங்கையின் முகத்தைப் பார்த்தார், இவள் கண்ணாலேயே இடப்பக்கம் என்று காட்டினாள்.

ராத்திரி சாப்பிடும்போது அந்த அம்மாவும் அவர் கணவரும் எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவர் கணவருக்கு ஆட்டுப்பண்ணை இருந்ததாம், வறட்சியில் விற்றுவிட்டாராம். வறட்சி என்ற சொல்லுக்கு அப்புறம் எனக்கும் அவருக்கும் பேச நிறைய இருந்தது.

எட்டாம் நாள், கொழும்பு

துறைமுகத்திலிருந்து வெளியே வந்ததுமே பெயர்ப்பலகைகளில் தமிழ். ஆட்டோக்காரர் தமிழில் பேசினார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனோம், செட்டியார் தெருவில் கதிரேசன் கோயிலுக்குப் போனோம். மத்தியானம் இடியப்பமும் சொதியும். தேங்காய்ப் பாலில் இவ்வளவு லேசாக, இவ்வளவு மணமாக ஒரு குழம்பு. மங்கை கடைக்கார அக்காவிடம் பக்குவம் கேட்டு எழுதிக்கொண்டாள். "வெந்தயத்தை மறந்துடாதீங்கோ" என்று அவர் இரண்டு தடவை சொன்னார்.

நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு இப்போது பயணிகள் கப்பல் ஓடுகிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள். ஏறக்குறைய நாலு மணி நேரப் பயணம்தான். அவ்வளவு கிட்டத்தில் இருக்கிற ஊருக்கு நாங்கள் சிங்கப்பூர் சுற்றி வந்திருக்கிறோம். அடுத்த தை முடிந்து அந்தக் கப்பலில் போவது என்று இன்றைக்கே முடிவு செய்துவிட்டோம். மங்கை பிறந்த ஊரிலிருந்தே கப்பலேறலாம், படகும் ஏணியும் இல்லாமல்.

ஒன்பது, பத்து, பதினொன்று

கடல், மாலே, கடல். மாலேயில் கடல் நிறத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், அப்படித்தான் இருக்கிறது. சந்தையில் மாசி பார்த்தேன், சூரை மீனை அவித்துப் புகையிட்டுக் காயவைத்து மரக்கட்டை மாதிரி அடுக்கியிருந்தார்கள். கையில் தட்டினால் டக் டக் என்று சத்தம். மங்கைக்கு அதன் வாசனை பிடித்துப்போய் ஒரு கட்டை வாங்கிக்கொண்டாள்.

பதினோராம் நாள் நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை. எழுந்ததே ஏழரைக்கு. மங்கை ஏழரை வரை தூங்கினாள் என்று எழுதும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. பால்கனியில் உட்கார்ந்தோம், பறக்கும் மீன்கள் கப்பலின் நுரையை விட்டு விலகித் தண்ணீரின் மேல் சறுக்கிக்கொண்டு போயின. ஒன்று எவ்வளவு தூரம் போகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். "என்னங்க, இந்தத் தண்ணி எவ்வளவுன்னு கணக்குப் போட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மையாகவே முந்தாநாளிலிருந்து நான் கணக்குப் போடவில்லை.

பன்னிரண்டாம் நாள், கொச்சி

கப்பல் நின்றது வெல்லிங்டன் தீவில். துறைமுகத்துக்காகத் தூர்வாரின மண்ணைக் கொட்டியே உண்டாக்கின தீவு இது. தூர்வாரின மண்ணை எங்கே கொட்டுவது என்று ஒவ்வொரு மே மாதமும் தலையைப் பிய்த்துக்கொண்டவன் நான், அதனால் இறங்கினதும் குனிந்து அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மன்னார்குடித் தம்பி படிக்கட்டு வரை வந்து பெட்டியை இறக்கிக் கொடுத்தார். அவர் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி ஒரு சின்னப் பொட்டலம் தந்திருக்கிறார். வருகிற வாரம் நேரில் போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

எர்ணாகுளத்தில் ராத்திரி காரைக்கால் ரயிலைப் பிடித்தோம். படுத்ததும் கட்டில் ஆடுகிற மாதிரியே இருந்தது, ரயில் ஆட்டமா கப்பல் ஆட்டமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. காலையில் நீடாமங்கலம் தாண்டி, கொரடாச்சேரி தாண்டி, ஜன்னல் வழியே பார்த்தால் ஆறெல்லாம் மணல். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிற வரைக்கும் இப்படித்தான் கிடக்கும். திருவாரூரில் இறங்கி வீடு வந்து சேர்ந்தோம்.

இன்று காலை நாலரைக்கு வாசலில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. எழுந்து போய்க் காபி போட்டு எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தேன். மங்கை ஏழு புள்ளி, இடைப்புள்ளி நாலு போட்டு முடித்துவிட்டு, செம்மண் இழுத்து, போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்திரேலியாவுக்கு எப்படி அனுப்புவது என்று கேட்டாள். அனுப்பிக் கொடுத்தேன். அங்கே அப்போது பகல், உடனே பதில் வந்தது, அந்த அம்மா அவர் வீட்டுச் சமையலறை மேசையில் மாவால் போட்ட கோலம். கடைசி வளைவு மட்டும் புள்ளியைத் தொட்டிருந்தது. மங்கை காபியை வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, அந்த இடத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள்.

வயலுக்கும் போய் வந்தேன். உளுந்து பூவும் பிஞ்சுமாக நிற்கிறது.